தைராய்டு மாத்திரையும் கழுத்து ஸ்கேனும்: எல்லையோர வாசகர்களின் கேள்விகள்

களியக்காவிளை முதல் கம்பம் வரை, கேரள எல்லையை ஒட்டி வாழும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இவை. எழுதியவர்கள் அனைவரும் தைராய்டு குறைவாகச் சுரப்பதால் மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள்.

பல ஆண்டுகளாகத் தைராக்சின் 75 மைக்ரோகிராம் சாப்பிடுகிறேன், டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) சரியாக இருக்கிறது. ஆனால் திருவனந்தபுரத்தில் எடுத்த அல்ட்ராசவுண்ட் அறிக்கை, சுரப்பி சீராக இல்லை என்றும் ரத்த ஓட்டம் கூடியிருக்கிறது என்றும் சொல்கிறது. மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டுமா? (வாசகி, 38, களியக்காவிளை)

வேண்டாம். உங்கள் அறிக்கை விவரிப்பது, உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டைத் தாக்கும் ஹாஷிமோட்டோ அழற்சியின் வழக்கமான தோற்றத்தை. அயோடின் உப்பு பரவலாகக் கிடைக்கும் இடங்களில் தைராய்டு குறைவுக்கு முதன்மைக் காரணம் இதுதான். உடலின் எதிர்ப்பு அணுக்கள் சுரப்பிக்குள் திட்டுத்திட்டாகச் சேர்வதால், ஸ்கேனில் அது கரடுமுரடாகவும், சில இடங்களில் கட்டிபோலவும் தெரியும். சுரப்பி எவ்வளவு ஹார்மோன் தருகிறது என்பதை அல்ட்ராசவுண்டால் அளக்கவே முடியாது; மாத்திரையின் அளவைத் தீர்மானிப்பது முதன்மையாக டி.எஸ்.எச்.தான். கையில் தட்டுப்படும் கட்டி, விழுங்குவதில் சிரமம், நீடிக்கும் குரல் மாற்றம், கழுத்தில் நெறிகட்டு ஆகிய எதுவும் இல்லாதவருக்கு, ரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவு என்று வந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக அல்ட்ராசவுண்ட் எடுக்கத் தேவையில்லை என்று அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் சங்கம் 2013இலேயே அறிவுறுத்தியது. இங்கே ஆண்டுதோறும் எடுக்கும் பழக்கம் எப்படியோ வேரூன்றிவிட்டது.

ஸ்கேனில் 9 மில்லிமீட்டர் கட்டி, டைராட்ஸ் 4 என்று எழுதியிருக்கிறார்கள். உடனே எடுத்துவிடச் சொல்கிறார்கள் உறவினர்கள். (வாசகர், 52, செங்கோட்டை)

டைராட்ஸ் எண் என்பது புற்றுநோயின் நிலையைக் குறிப்பதன்று. கட்டியின் தோற்றம் எந்த அளவுக்குச் சந்தேகத்துக்கு உரியது என்பதற்கான மதிப்பெண் மட்டுமே. பரவலாகப் பின்பற்றப்படும் 2017ஆம் ஆண்டின் அமெரிக்க முறைப்படி, 4ஆம் வகைக் கட்டி ஒன்றரை சென்டிமீட்டரை எட்டினால்தான் ஊசி மூலம் செல் எடுத்துப் பார்ப்பார்கள். 5ஆம் வகைக்கு ஒரு சென்டிமீட்டர், 3ஆம் வகைக்கு இரண்டரை. குடும்பத்தில் தைராய்டு புற்றுநோய் இருந்ததா, சிறுவயதில் கழுத்துக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றீர்களா, நெறிகட்டு தெரிகிறதா என்பவற்றை மருத்துவரிடம் சொல்லுங்கள். அவை எதுவும் இல்லையென்றால் அவசரத்துக்கு இடமில்லை. தென்கொரியாவில் ஸ்கேன் பரவலானபின், 1993க்கும் 2011க்கும் இடையில் கண்டறியப்பட்ட தைராய்டு புற்றுநோய் 15 மடங்கானது. அந்நோயால் இறந்தோர் விகிதமோ மாறவில்லை. தேடத் தேடக் கிடைக்கும் சிறு கட்டிகளில் பெரும்பாலானவை யாரையும் கொல்வதில்லை.

சிறுநீரகக் கல் இருந்தது. கால்சியம் 11.2, பி.டி.எச். (பாராதைராய்டு ஹார்மோன்) அதிகம். செஸ்டாமிபி என்ற கதிரியக்க மருந்தை ஏற்றி எடுத்த ஸ்கேனில் கட்டி எதுவும் தெரியவில்லை என்று வந்தது. அப்படியானால் நோய் இல்லைதானே? அடுத்த ஸ்கேனுக்குத் தைராக்சினை நிறுத்த வேண்டுமா? (வாசகி, 61, கம்பம்)

பாராதைராய்டு மிகையாகச் சுரக்கும் நோய் இல்லை என்று அந்த ஸ்கேன் சொல்லவில்லை. சொல்லவும் அதனால் முடியாது. பாராதைராய்டுச் சுரப்பிகள் தைராய்டின் பின்புறம் ஒட்டியிருக்கும், பெரும்பாலும் நான்கான, பருப்பளவுச் சுரப்பிகள். 1880இல் சுவீடனைச் சேர்ந்த மருத்துவ மாணவர் ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம் மனித உடலில் இவற்றை விவரித்தார். இவற்றின் வேலை கால்சியத்தைச் சீராக வைப்பது. தைராய்டு குறைவோடு நேரடித் தொடர்பில்லை. கால்சியமும் பி.டி.எச்.சும் சேர்ந்து உயர்ந்திருந்தால் நோய் பெரும்பாலும் ரத்தத்திலேயே உறுதியாகிவிடுகிறது. லித்தியம் (மனநல மருந்து), தயசைடு (சிறுநீரைக் கூட்டும் மருந்து) வகை மாத்திரைகள் சாப்பிடுகிறீர்களா என்பதையும், வைட்டமின் டி அளவையும் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். அறுவை சிகிச்சை என்று முடிவான பிறகு, எந்தப் பக்கம், எந்தச் சுரப்பி என்று அறுவை மருத்துவருக்கு வழிகாட்டுவதே செஸ்டாமிபியின் பணி. கட்டி சிறியதாக இருந்தாலோ, நான்கு சுரப்பிகளும் சேர்ந்து பருத்திருந்தாலோ அது தவறவிடும். கல் இருந்ததால் நீங்கள் அறுவை மருத்துவரின் கருத்தைக் கேட்டே ஆக வேண்டும்.

உங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மருந்து ஏற்றிச் சிறிது நேரத்தில் ஒரு படமும், ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து மற்றொன்றும் எடுப்பது ஒரு முறை. தைராய்டிலிருந்து மருந்து வடிந்த பிறகும் பாராதைராய்டுக் கட்டியில் அது தங்கியிருக்கும். தைராய்டுக் கட்டியும் சிலவேளை மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஹாஷிமோட்டோவில் பருக்கும் நிணநீர்க் கணுவோ அல்ட்ராசவுண்டில் பாராதைராய்டுபோலத் தோன்றும். ஆகவே செஸ்டாமிபி, அல்ட்ராசவுண்ட் இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். இருமுறை படமெடுக்கும் இந்த முறைக்குத் தைராக்சினை நிறுத்தத் தேவையில்லை. தைராய்டைத் தனியாகப் படமெடுத்து, அதைச் செஸ்டாமிபி படத்திலிருந்து கழிக்கும் முறையென்றால், தைராக்சின் சாப்பிடுபவரின் தைராய்டு சரியாகப் பதிவாகாமல் போகலாம். எந்த முறை என்று அணு மருத்துவப் பிரிவிடம் முன்கூட்டியே கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். அயோடின் கலந்த மருந்து ஏற்றி அண்மையில் சி.டி. எடுத்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

எங்கள் ஊர் மணலிலேயே கதிர்வீச்சு உண்டு. அதோடு ஸ்கேனும் எடுத்தால் என்ன ஆகும்? (வாசகர், மணவாளக்குறிச்சி)

மோனசைட் மணலில் உள்ள தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் காரணமாக உங்கள் கடற்கரையில் இயற்கைக் கதிர்வீச்சு கூடுதல்தான். அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சே கிடையாது. செஸ்டாமிபி ஸ்கேனில் கிடைப்பது, உலகில் சராசரி மனிதர் இரண்டு மூன்று ஆண்டுகளில் இயற்கையிலிருந்து பெறும் அளவு. அதிலுள்ள டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருள் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடும். தேவையான ஸ்கேனை இதற்காகத் தவிர்க்க வேண்டாம். கர்ப்பிணிகளும் பாலூட்டுவோரும் மட்டும் முன்பே தெரிவிக்க வேண்டும்.

பரிசோதனைக்கு முன் மரச்சீனிக் கிழங்கும் மீனும் விலக்க வேண்டுமா? முடி கொட்டுவதால் பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) சாப்பிடுகிறேன். (வாசகி, 29, மார்த்தாண்டம்)

அல்ட்ராசவுண்டுக்கு எதையும் விலக்க வேண்டாம். கதிரியக்க அயோடின் ஸ்கேனுக்குத்தான் கடலுணவுக் கட்டுப்பாடு தேவைப்படும். தைராய்டு குறைவு உள்ளவருக்கு அந்த ஸ்கேன் பெரும்பாலும் தேவையில்லை. மரச்சீனி அயோடினைத் தடுப்பது உண்மை; ஆனால் வேகவைத்த தண்ணீரை வடித்து, அயோடின் உப்பும் சேர்ப்பவர் அஞ்ச வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது பயோட்டின்தான். சில ஆய்வக முறைகளில் அது டி.எஸ்.எச்.சைப் பொய்யாகக் குறைத்தும் டி4 என்ற தைராய்டு ஹார்மோனைக் கூட்டியும் காட்டும். மருத்துவரும் அதை நம்பி உங்கள் தைராக்சினைக் குறைத்துவிடக்கூடும். ரத்தம் கொடுப்பதற்கு 2 நாள் முன்பாவது நிறுத்துங்கள். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளைத் தைராக்சினுக்கு 4 மணி நேரம் கழித்தும், காலைக் கட்டன் சாயாவை அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தும் எடுத்துக்கொள்ளுங்கள்.