முதலாளியின் மன அழுத்தமும் நிர்வாக முறைகளும்: கேள்வி பதில்

சிறு, நடுத்தரத் தொழிற்சாலைகளுக்குக் கணக்கு, நிர்வாக முறைகளை அமைத்துத் தரும் ஆலோசகர், தொழில் நடத்துவோரின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறேன். கொள்முதல், உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் ஈஆர்பி மென்பொருள் நிறுவிய பிறகு நிம்மதி கிடைக்கும் என்றார்கள். ஆனால் இரவு பதினொரு மணிக்கும் ஒப்புதல் கேட்டுக் கைபேசி ஒலிக்கிறது. தவறு எங்கே?

மென்பொருளை நிறுவும்போது, எந்த முடிவை யார் எடுப்பது என்பதை வரையறுக்காமல் விட்டிருப்பீர்கள். முன்பு நூல் கொள்முதலுக்கோ சாயப்பட்டறைக்குத் துணி அனுப்பவோ உங்கள் மேலாளர் வாய்மொழியாகக் கேட்பார். நீங்கள் ஊரில் இல்லாவிட்டால் அவரே பார்த்துக்கொள்வார். இப்போது உங்கள் ஒப்புதல் இல்லாமல் அடுத்த திரையே திறக்காது என்பதால், எழுதப்படாமல் அவரிடம் இருந்த அதிகாரமும் உங்களிடம் திரும்பிவிட்டது. இத்தகைய ஏற்பாட்டை மென்பொருள் விற்பவர்கள் கட்டுப்பாடு என்று சொல்வார்கள். எனக்கு அது வாசலில் நிற்கும் வரிசையாகத்தான் தெரிகிறது.

கடந்த மூன்று மாத ஒப்புதல்களை எடுத்து, அவற்றில் நீங்கள் மறுத்தவை எவை என்று பாருங்கள். ஒருமுறைகூட மறுக்காத இனங்களை, தொகை வரம்பு ஒன்றை விதித்து, மேலாளரிடமும், ஆர்டரைப் பின்தொடரும் மெர்ச்சண்டைசரிடமும் ஒப்படையுங்கள். ஆர்டருக்குப் போட்ட அடக்க விலையை மீறும் கொள்முதலும், கப்பலைத் தவறவிட்டு விமானத்தில் அனுப்ப நேரும் அளவுக்குத் தள்ளிப்போகும் டெலிவரியும் மட்டும் உங்களிடம் வரட்டும்.

பதவி உயர உயர அழுத்தமும் கூடும் என்பது உண்மைதானா?

ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. பிரிட்டன் அரசு ஊழியர்களிடம் 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வில், கீழ்நிலைப் பணியாளர்களிடையேதான் இதய நோய் மரணம் அதிகமாக இருந்தது. வேலைப் பளு மிகுந்தும் அதன்மீது ஆளுகை குறைந்தும் இருக்கும் நிலையே மனிதனை நசுக்குகிறது என்று 1979இல் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கராசெக் விளக்கினார். 2012இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வும், தலைமைப் பொறுப்பில் இருந்தவர்களுக்குக் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசாலின் சுரப்பு குறைவாக இருந்ததைக் கண்டது. ஆனால் அதில் கலந்துகொண்ட தலைவர்களில் ராணுவ அதிகாரிகளும் அரசு அதிகாரிகளும் இருந்தார்கள். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கிய ஒரு பட்டறை உரிமையாளருக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த நான் தயங்குவேன்.

கோவையில் பம்பு உதிரிபாகம் செய்கிறோம். வேலை நிறைய இருக்கிறது, பணம்தான் வருவதில்லை. சம்பளத் தேதி நெருங்கினால் தூக்கம் போய்விடுகிறது.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. உத்யம் என்ற மத்திய அரசின் தொழில் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரியில் கொண்டுவந்த விதியின்படி, கெடு தாண்டிய பாக்கியை, பணம் கொடுத்த ஆண்டில்தான் வாங்கியவர் செலவாகக் காட்ட முடியும். இருந்தும், புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்று அஞ்சுகிறீர்கள்; அந்த அச்சம் நியாயமானது.

ஆகவே வழக்குக்கு முந்தைய இடத்தில் ஒரு முறையை வையுங்கள். வரும் பதின்மூன்று வாரங்களுக்கு வரவேண்டிய, தரவேண்டிய பணத்தை ஒரே தாளில் எழுதி, திங்கள்தோறும் கணக்காளருடன் அமர்ந்து திருத்துங்கள். குறிப்பிட்ட நாளைத் தாண்டிய பாக்கி உள்ளவருக்குப் புதுச் சரக்கு ஏற்றுவதில்லை என்ற விதியை டேலி கணக்கு மென்பொருளில் கடன் வரம்பாகவே பதிந்துவிட்டால், மறுப்பது உங்கள் முகமாக இருக்காது, நிறுவனத்தின் விதியாக இருக்கும். பெரிய நிறுவனங்கள் மீதான பில்களுக்கு ட்ரெட்ஸ் எனப்படும், பில்களுக்கு நிதி தரும் இணையத் தளங்களில் முன்பணம் பெறும் வழியும் உண்டு.

டிடிஎஸ், ஜிஎஸ்டி, பிஎஃப் என்று மாதம் முழுவதும் கெடு தேதிகள். எப்படிச் சமாளிப்பது?

டிடிஎஸ்ஸுக்கு 7, ஜிஎஸ்டிக்கு 11, 20, பிஎஃப்புக்கு 15 ஆகிய தேதிகள் மாறுவது அரிது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் முன்னதாக உங்கள் அலுவலகத்துக்கென ஒரு கெடு வைத்து, முடிந்தது என்ற செய்தி மட்டும் உங்களுக்கு வருமாறு செய்யுங்கள்.

சிவகாசியில் என் கணவர் அச்சகம் நடத்துகிறார். காசோலை முதல் காகிதக் கட்டு வரை அவரே பார்க்கிறார். சில நாட்களாக நெஞ்சு அடைப்பதாகச் சொல்கிறார்.

அம்மா, முதலில் அவரை இன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இதற்கு நிர்வாக முறை எதுவும் மாற்றாகாது. அவர் ஓய்வில் இருக்கும் நாட்களில் அச்சகம் நிற்காமலிருக்க, வங்கியில் இரண்டாவது கையொப்பதாரராக உங்களையோ நம்பிக்கையான ஒருவரையோ சேர்த்து, காகிதம் வாங்கும் பொறுப்பை மேற்பார்வையாளரிடம் எழுத்து மூலமாகக் கொடுத்துவிடுங்கள்.