பழைய பெட்ரோல் டிராக்டரில் செல்ஃப் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. ஏன்?

அமெரிக்காவில் 1947 முதல் 1952 வரை தயாரான ஃபோர்டு 8என் டிராக்டரை எடுத்துக்கொள்வோம். இன்றும் அங்கே பலர் அதை ஓட்டுகிறார்கள். மாதக்கணக்கில் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் நான் முதலில் சந்தேகப்படுவது பாயின்ட்டைத்தான்.

பாயின்ட் என்பது, ஸ்பார்க் பிளக்குகளுக்கு முறைவைத்து மின்சாரம் அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தொட்டுத் தொட்டு விலகும் இரண்டு சிறு உலோக முனைகள். அவை சேர்ந்திருக்கும்போது காயிலில், அதாவது வோல்ட்டைக் கூட்டும் கம்பிச்சுருளில், மின்சாரம் ஓடும். விலகும் நொடியில் அந்த ஓட்டம் சட்டென அறுபடுவதால்தான் காயில் பல ஆயிரம் வோல்ட்டை ஸ்பார்க் பிளக்குக்குத் தள்ளுகிறது. ஈரக்காற்றில் சும்மா நின்றால் முனைகளில் மெல்லிய களிம்பு படியும். வெறும் 6 வோல்ட் பேட்டரி அதைத் தாண்டத் திணறும். புது பேட்டரி போட்டும் எரியாத டார்ச் லைட், உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கைச் சுரண்டியதும் எரியுமே, அதே கதைதான்.

பிளக்கைக் கழற்றி, வயரில் மாட்டி, அதன் உடலை இன்ஜின் இரும்பில் ஒட்டிவைத்து, செல்ஃபைச் சுற்றவிட்டுப் பாருங்கள். (பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது, வெறும் கையால் பிடிக்கவும் கூடாது.) பளிச்சென நீலப் பொறி வந்தால் பாயின்ட்டை விட்டுவிட்டு, கார்புரேட்டருக்குப் பெட்ரோல் தாராளமாக வருகிறதா என்று பாருங்கள். பொறி இல்லையென்றால் முனைகளைச் சுத்தம் செய்து இடைவெளியைச் சரிபாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் இன்ஜினின் முன்பக்கம் இருந்தால் 0.015 அங்குலம், பக்கவாட்டில் இருந்தால் 0.025.

பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் இணைந்திருப்பதைப் பார்த்து, யாரோ தலைகீழாக மாட்டிவிட்டார்கள் என்று மாற்றிப் போடாதீர்கள். இந்த டிராக்டர் தொழிற்சாலையிலிருந்தே பாசிட்டிவ் எர்த்தாகத்தான் வந்தது.