வேக்கம் போடாத வாத்தியார்

கேள்வி: சென்னையில் 18 வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்தேன். முட்டி வலியால் ஏணி ஏற முடியாமல், ஆறு மாதமாக அம்பத்தூர் பக்கம் ஒரு தனியார் ஐடிஐ-யில் பாடம் எடுக்கிறேன். பையன்களில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை மாமாவோடோ அண்ணனோடோ சர்வீஸுக்குப் போகிறவர்கள். வேக்கம் போடச் சொன்னால் (கேஸ் ஏற்றும் முன் பம்ப் வைத்து பைப்புக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்து எடுப்பது), “வெளியில யாரு சார் இதெல்லாம் பண்றாங்க? கேஸைக் கொஞ்சம் விட்டு காத்தைத் தள்ளிட்டா முடிஞ்சுது” என்கிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். எந்த முகத்தோடு திருத்துவது? தியரியும் அவர்களுக்கு ஏறவே மாட்டேன் என்கிறது.
– பெயர் வேண்டாம், கொரட்டூர்

பதில்: அந்த முகத்தோடுதான். “நானும் செய்தேன்” என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பையன்களுக்கு எப்படியும் தெரியும். நீங்கள் மறைத்தால்தான் சிரிப்பார்கள். அப்புறம், அன்று அது ஏன் ஓடியது, இன்று ஏன் ஓடாது என்று சொல்லுங்கள்.

ஆர்-22 கேஸ் போட்ட பழைய மெஷினில் கம்ப்ரஸருக்கு மினரல் ஆயில். அது ஈரத்தை அவ்வளவாக உறிஞ்சாது, அதனால் நம் தவறுகளை ஓரளவு பொறுத்துக்கொண்டது. ஆர்-410ஏ, ஆர்-32 கேஸ் மெஷின்களில் வரும் பிஓஇ என்ற செயற்கை ஆயில் மழைக்காலத்து உப்பு மாதிரி. திறந்து வைத்தாலே ஈரத்தை இழுக்கும், ஒருமுறை இழுத்ததை வேக்கம் போட்டாலும் எளிதில் விடாது. நாளடைவில் அந்த ஈரம் அமிலமாகி கம்ப்ரஸர் மோட்டாரின் கம்பிச்சுருளை (வைண்டிங்) கெடுக்கும். சென்னைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? போதாததற்கு ஆர்-32 தீப்பிடிக்கக்கூடிய கேஸ். சின்ன அறைக்குள் அதைத் திறந்துவிட்டு ‘காத்தைத் தள்ளுவது’ விளையாட்டல்ல.

இதை வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். காட்டுங்கள். லேபுகளில் இருக்கும் தடித்த வேக்கம் ஜாடி ஒன்று வாங்குங்கள். சாதாரண பாட்டில் வேண்டவே வேண்டாம், உள்பக்கமாக நொறுங்கிவிடும். ஜாடிக்குள் ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீரை வைத்து, உங்கள் வேக்கம் பம்ப்பை மாட்டி ஓட்டுங்கள். அடுப்பே இல்லாமல் தண்ணீர் கொதிக்கும். வெளிக்காற்றின் அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். அது சுமார் 32க்கு இறங்கினாலே தண்ணீர் 30 டிகிரியில் கொதித்துவிடும். பைப்புக்குள் ஒளிந்திருக்கும் ஈரம் வெளியேறுவதும் இப்படித்தான். வேக்கம் போடும்போது நாம் இறக்கப் பார்க்கும் 500 மைக்ரான் என்பது அரை மில்லிமீட்டர் பாதரசம்தான் என்று அப்போது சொல்லுங்கள், மறக்க மாட்டார்கள். பம்ப்பை நிறுத்திக் காத்திருந்து பார்ப்பதையும் பழக்குங்கள். முள் கொஞ்சம் ஏறி நின்றால் உள்ளே ஈரம். நிற்காமல் ஏறினால் லீக். இதற்கு மைக்ரான் கேஜ் வேண்டும், கேஸ் அழுத்தம் பார்க்கும் சாதாரண மேனிஃபோல்ட் கேஜில் தெரியாது. (ஜாடி சோதனை முடிந்ததும் பம்ப் ஆயிலை மாற்றிவிடுங்கள். அத்தனை ஆவியும் அதில்தான் போயிருக்கும்.)

தியரி ஏறவில்லை என்பதில் எனக்கும் பழைய கணக்கு உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூன்று வாரம் கரும்பலகையில் அழுத்தம்–வெப்ப வரைபடம் போட்டேன். பையன்கள் அழகாகப் பார்த்து வரைந்தார்கள். பிறகு ஒர்க்‌ஷாப்பில் “சக்‌ஷன் லைன் எது?” என்று கேட்டால் (கம்ப்ரஸருக்கு கேஸ் திரும்பி வரும் பைப்) ஒருவனும் கை நீட்டவில்லை. வரைபடம் கடைசியில் வரட்டும். அழுத்தம் கூடினால் கொதிநிலை ஏறும் என்பதற்கு வீட்டுக் குக்கர் போதும், உள்ளே ஏறக்குறைய 120 டிகிரி. மறுபக்கம் பார்க்க டீக்கடைக்கு அழைத்துப் போங்கள். அடுப்பு முழு வேகத்தில் எரியும்போது சிலிண்டரின் கீழ்ப்பகுதியைத் தொடச் சொல்லுங்கள். ஜில்லென்று வியர்த்திருக்கும். உள்ளே திரவம் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. ஏசியில் அறையைக் குளிரவைக்கும் சுருளான இவாப்ரேட்டரும் அதுதான்.

‘ஒன்றரை டன்’ என்றால் மெஷின் எடை என்று நினைக்கும் பையன் எல்லா பேட்ச்சிலும் ஒருவன் இருப்பான். மெரினா எதிரே விவேகானந்தர் இல்லத்தைக் காட்டுங்கள். 1842-இல் ஐஸ் ஹவுஸாகக் கட்டியது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ்கட்டியை அங்கே வைத்திருந்தார்கள். ஒரு டன், அதாவது அமெரிக்கக் கணக்கில் 907 கிலோ ஐஸ், 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ அந்த வேகம்தான் ஒரு டன். 3.5 கிலோவாட் என்று அதற்குப் பிறகு சொன்னால் ஏறும்.

கேஜ் மாட்டும் முன், முள் எவ்வளவு காட்டும் என்று ஒவ்வொருவனும் ஒரு எண்ணைச் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் போடுங்கள். ஆர்-22 என்றால் 5 டிகிரி ஆவியாதலுக்கு சுமார் 70 பிஎஸ்ஐ, ஆர்-32 என்றால் 120-க்குச் சற்று மேல். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை. சொல்லிவிட்டு முள்ளைப் பார்ப்பவன் கவனிப்பான். ஞாயிறு வேலைக்குப் போகிறவர்கள் இதில் முந்துவார்கள், முந்தட்டும். அவர்களை மட்டம் தட்டாதீர்கள்.

கடிதத்தில் பாதுகாப்பு பற்றி ஒரு வரிகூட இல்லையே? லீக் பார்க்க நைட்ரஜன்தான், ஆக்சிஜனை ஏற்றினால் ஆயிலோடு சேர்ந்து வெடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பையன்களிடம் சொல்லிவிட்டீர்களா? அவுட்டோர் மூடியைக் கழற்றியதும் முதலில், மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்கிறார்களா என்று நாளைக்கே நின்று பாருங்கள்.