திருகாணியை முடுக்கிய கைகள்

அன்புள்ள ஐயா,

ரோஜர் கார்மன் 1960ல் எடுத்த 'ஹவுஸ் ஆஃப் அஷர்' படத்தை நேற்று பார்த்தேன். எட்கர் ஆலன் போவின் கதையைப் பலமுறை படித்தவன் என்பதால் பெருத்த ஏமாற்றம். எங்கும் பனிமூட்டம், சில அறைகள், பேசும் பாத்திரங்கள் நான்கே. கையில் பணமில்லாதவர் இந்தக் கதையைத் தொட்டிருக்கவே கூடாது. உங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பணம் இல்லாததை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். 15 நாள் படப்பிடிப்பு, ஏறத்தாழ 3 லட்சம் டாலர். ஹாலிவுட் மலைப்பகுதியில் காட்டுத்தீ எரிந்து ஓய்ந்ததும் கார்மன் கேமராவோடு அங்கே போய்விட்டார். தொடக்கத்தில் குதிரை கடந்து வரும் அந்தக் கருகிய மரங்கள் செட் அல்ல. இடிக்கவிருந்த ஒரு களஞ்சியத்தைக் கொளுத்தி இறுதித் தீயை எடுத்தார். அஷர் வீட்டின் உரிமையாளர் ரோடரிக்காக வரும் வின்சென்ட் பிரைஸ் சின்னச் சத்தத்தையும் தாங்க முடியாமல் தவிக்கிறாரே, அது போ எழுதிய அதே நோய். ஒரு நடிகரின் முகமே அதற்குப் போதுமாக இருந்தது.

எனக்கு வலிக்கும் இடம் வேறு. 1839ல் வெளிவந்த கதையில் கதைசொல்லி, ரோடரிக்கின் பால்யகால நண்பன். ரோடரிக்கின் சகோதரி மேடலின் இறந்துவிட்டாள் என்று நம்பி, அவர்கள் இருவர் மட்டுமே சவப்பெட்டியை நிலவறைக்குச் சுமந்து போகிறார்கள். மூடுமுன் அவள் முகத்தைப் பார்க்கிறார்கள். கன்னத்தில் லேசான சிவப்பு, உதட்டில் இன்னும் விலகாத புன்னகை. பார்த்த பிறகும் மூடியை வைத்துத் திருகாணியை முடுக்குகிறார்கள். பல நாள் கழித்து ரோடரிக் கதறுகிறான்: "அவளை நாம் உயிரோடு கல்லறையில் வைத்துவிட்டோம்!" 'We' என்ற ஆங்கிலச் சொல்லில் இல்லாத தெளிவு தமிழில் நமக்கு வாய்த்திருக்கிறது. அங்கே 'நாங்கள்' என்று மொழிபெயர்த்தால் கதை செத்துவிடும். கேட்டுக்கொண்டிருக்கும் நண்பனும் அதில் சேர்த்தி.

படத்தில் நண்பன் இல்லை, மேடலினை மணக்க வந்த பிலிப் இருக்கிறான். பெட்டிக்குள் அவள் விரல் அசைவதை ரோடரிக் பார்த்துவிட்டு அவசரமாக மூடியைச் சாத்துகிறான். பிலிப்புக்கு ஒன்றும் தெரியாது. அந்தக் குளோசப் உலுக்கத்தான் செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பழி முழுவதும் ஒருவன் தலையில் இறங்கிவிட்டது. பிலிப் ஏமாற்றப்பட்டவன். அவன் பக்கம் நின்று பார்க்கும் நாமும் கைகழுவிக்கொண்டு எழுந்துவிடுகிறோம். கதையைப் படிக்கையில் அப்படி எழ முடிந்ததா உங்களால்? என்னால் ஒருமுறைகூட முடிந்ததில்லை.

நண்பனை நண்பனாகவே விட்டிருந்தால் கார்மனுக்குக் கூடுதலாக ஒரு டாலர்கூடச் செலவாகியிருக்காது.