பாட்டனி படிக்கட்டும், கெமிஸ்ட்ரியை விட வேண்டாம்

வணக்கம் ஐயா. செடிகளில் உள்ள ஆன்டிஆக்சிடன்ட்களை ஆராய வேண்டும் என்கிறாள் மகள், இதற்கெல்லாம் வேலை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை இருக்கிறது. ஆனால் முதலில் அவள் மனதை இழுத்த விஷயம் என்ன என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

தண்ணீர் இல்லாத செடி, இருக்கும் ஈரத்தைக் காக்க இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். உடனே கார்பன் டை ஆக்சைடு வரத்து குறையும். வெயில் மட்டும் குறையாது. பச்சையம் ஒளியை வாங்கிக்கொண்டே இருக்க, செலவாகாத எலக்ட்ரான்கள் ஆக்சிஜனிடம் போய்ச் சேர்கின்றன. அப்படி உண்டாகும் சூப்பராக்சைடும் ஹைட்ரஜன் பெராக்சைடும் அளவு மீறினால் செல் சவ்வு, புரதம், டிஎன்ஏ எல்லாம் சேதமாகும். நிழலுக்கு நகர முடியாத உயிர் அல்லவா? காவலை உள்ளேயே வைத்திருக்கிறது. அந்தக் காவல்தான் ஆன்டிஆக்சிடன்ட்கள். டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி சூப்பராக்சைடைப் பெராக்சைடாக மாற்றும். அந்தப் பெராக்சைடைக் கேட்டலேஸும், வைட்டமின் சி-யைக் கொண்டு இயங்கும் இன்னொரு நொதியும் சேர்ந்து ஒழிக்கும். சவ்வுகளை வைட்டமின் ஈ-யும் கரோட்டினாய்டுகளும் பார்த்துக்கொள்ளும். நாம் சத்து என்று சாப்பிடுவதைச் செடி தன் உயிருக்காகச் செய்து வைத்திருக்கிறது! இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. சிறிதளவு பெராக்சைடு செடிக்கு ஆபத்தை அறிவிக்கும் சமிக்ஞை. முழுக்கத் துடைத்தாலும் தப்புதான்.

வறட்சியையும் உப்பு மண்ணையும் தாங்கும் ரகங்களை உருவாக்குவோருக்கும், அறுத்த காய்கனியைக் கெடாமல் வைப்போருக்கும் இந்த அறிவு வேண்டும். ஆராய்ச்சி நிலையம், விதை நிறுவனம், கல்லூரி என்று வழிகள் இருக்கின்றன. ஆனால் இளங்கலையோடு நின்றால் சொந்தமாக ஆராய்ச்சி நடத்துவது கடினம். முதுகலை, அப்புறம் முனைவர் பட்டம் என்று பல வருடம் போகும். வீடு அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

என் கவலை வேறு. "கெமிஸ்ட்ரி பிடிக்கல, அதனால பாட்டனி" என்று அவள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மேலே நான் சொன்னது முழுக்க எலக்ட்ரான் கணக்கு, அதாவது வேதியியல்.

ஒன்று செய்யுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் 3% ஹைட்ரஜன் பெராக்சைடை, கண்ணில் தெறிக்காமல், வேகவைக்காத உருளைக்கிழங்குத் துண்டில் சில சொட்டு விடச் சொல்லுங்கள். கேட்டலேஸ் ஆக்சிஜனைப் பிரிக்கும், நுரை பொங்கும். நன்றாக வேகவைத்த துண்டில் பொங்காது. காரணத்தை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அவளே தேடிப் போனால், உயிர்வேதியியலோ வேளாண்மையோ, வேதியியலை விடாத ஒரு படிப்பில் தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.