பிரமிடுகளைக் கட்டியவர்கள் அடிமைகள் என்பது உண்மையா?

இல்லை. காலில் சங்கிலி, முதுகில் சாட்டையடி, கண்ணுக்கெட்டிய தூரம் வரை கல் இழுக்கும் அடிமைக் கூட்டம் என்ற காட்சியைத் திரைப்படங்கள் நம் மனத்தில் ஆழப் பதித்துவிட்டன. பெரிய பிரமிடு நிற்கும் எகிப்தின் கீசாவில் கிடைத்திருக்கும் சான்றுகள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஆனால் அடிமைகள் இல்லை என்று சொன்ன கையோடு, எல்லோரும் விரும்பி வந்து வேலை செய்தார்கள் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அதையும் என்னால் ஏற்க முடியவில்லை.

பொதுப்பணித் துறையில் பல ஆண்டுகள் மஸ்டர் ரோல் என்ற தொழிலாளர் வருகைப் பதிவேடு எழுதியும் அளவுப் புத்தகம் சரிபார்த்தும் பழகியவன் நான். அதனால்தானோ என்னவோ, எகிப்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது மன்னர்களின் தங்க முகமூடிகளைவிட அவர்களுடைய எழுத்தர்கள் விட்டுப்போன கணக்குகளே என்னை இழுத்தன. ஒரு வேலை எப்படி நடந்தது என்பதைக் கணக்கில்தான் பார்க்க முடியும்.

முதலில் வேலையின் அளவைப் பாருங்கள். கி.மு. 2560 வாக்கில் கட்டி முடிக்கப்பட்ட கூஃபு மன்னனின் பெரிய பிரமிடு முதலில் ஏறத்தாழ 146 மீட்டர் உயரம் இருந்தது. அதில் சுமார் 23 லட்சம் கற்கள் என்று கணக்கிடுகிறார்கள். 20 ஆண்டுகளில் கட்டியதாக வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 315 கற்கள். பத்து மணி நேர வேலையில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு கல். பெரும்பாலான கற்கள் பிரமிடுக்குப் பக்கத்திலேயே வெட்டியவை. மேல்பூச்சுப் போல வெளிப்புறம் பதித்த வெள்ளைச் சுண்ணாம்புக்கல் நைல் நதிக்கு அக்கரையில் உள்ள துராவிலிருந்தும், உள்ளறைக்கான கருங்கல் தெற்கே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அஸ்வானிலிருந்தும் படகில் வந்தன. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் ஒரு லட்சம் பேர் மூன்று மாத முறை வைத்து வேலை செய்ததாக எழுதினார். அவர் வந்து பார்த்தது பிரமிடு கட்டி இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து. இன்றைய ஆய்வாளர்கள் பலர் ஒரு நேரத்தில் 20,000 முதல் 25,000 பேர் வரை இருந்திருக்கலாம் என்கிறார்கள்.

அவர்கள் எங்கே தங்கினார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்பதற்கு நேரடிச் சான்று உண்டு. கீசாவின் தெற்கே தொல்லியலாளர் மார்க் லேனர் தலைமையிலான குழு ஒரு முழுக் குடியிருப்பையே தோண்டி எடுத்தது. நீண்ட தங்குமிடக் கூடங்கள், ரொட்டி சுடும் அடுப்படிகள், களஞ்சியங்கள், குப்பையில் குவிந்து கிடந்த மாட்டெலும்பும் ஆட்டெலும்பும் கிடைத்தன. மாடுகளில் பெரும்பாலானவை இளங்காளைகள். பால் வற்றிய கிழட்டு மாட்டை வெட்டிப் போடவில்லை, நல்ல கறிதான் போட்டிருக்கிறார்கள். 1990-ல் ஒரு குதிரையின் கால் மண்சுவரில் இடறியதால் தொழிலாளர்களின் கல்லறைகளும் வெளிப்பட்டன. எகிப்தியத் தொல்லியலாளர் ஜாஹி ஹவாஸ் அவற்றைத் தோண்டினார். எலும்புகளில் முதுகுத்தண்டுத் தேய்மானம் அதிகம். முறிந்த கைகள் சரியாகக் கட்டுப்போடப்பட்டுச் சேர்ந்திருக்கின்றன. கால் எடுக்கப்பட்ட பிறகும் பல ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். மன்னனின் பிரமிடு நிழலில் தனக்கென்று கல்லறை கட்டிக்கொண்டு, அதில் தன் பதவியையும் எழுதி வைக்கும் உரிமை அடிமைக்கு எங்கே கிடைக்கும்?

ஆனால் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது 2013-ல் செங்கடல் கரையில் வாடி அல் ஜார்ஃப் என்ற இடத்தில் பிரெஞ்சுத் தொல்லியலாளர் பியர் தாலே குழுவுக்குக் கிடைத்த பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள்கள். எழுத்துள்ள பாப்பிரஸில் இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழையவை இவைதான். அவற்றில் ஒன்று மெரெர் என்ற மேற்பார்வையாளரின் நாட்குறிப்பு. சுமார் 40 பேர் கொண்ட படகுக் குழுவை நடத்தியவர். துராவில் கல் ஏற்றுவது, நைல் வழியாகவும் கால்வாய் வழியாகவும் கீசாவுக்குக் கொண்டு போவது, இறக்கிவிட்டுத் திரும்புவது: இதுதான் அவர் வேலை. பத்து நாளில் இரண்டு மூன்று நடை. அவர் எழுத்தில் ஆடம்பரம் கிடையாது. இன்ன தேதி, மெரெர் தன் குழுவுடன் தெற்குத் துராவில் கல் இழுத்தார், இரவு அங்கேயே தங்கல். மறுநாள் கல் ஏற்றிக்கொண்டு கூஃபுவின் ஏரிக்குப் புறப்பாடு, இரவு அங்கே. அதற்கடுத்த நாள் பிரமிடு. இப்படியே வரி வரியாகப் போகிறது. வேலையை மேற்பார்த்த பெரிய அதிகாரியாக மன்னனின் மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரன் அன்காஃப் பெயர் வருகிறது. கூடவே கிடைத்த கணக்குச் சுருள்களில் குழுவுக்கு வர வேண்டிய தானியம், வந்தது, பாக்கி என்று கட்டம் கட்டி எழுதியிருக்கிறார்கள். நாலரை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் பாக்கிக்கு ஒரு வரிசை! அதைப் படித்த அன்று இந்த மனிதர்கள் எனக்கு அந்நியர்களாகத் தோன்றவில்லை.

அப்படியென்றால் இவர்கள் சுதந்திரமான கூலியாட்களா? அங்கேதான் கவனம் வேண்டும். நிரந்தரமாக இருந்த கைவினைஞர்கள், எழுத்தர்கள், மேற்பார்வையாளர்கள் ஒரு பக்கம். மற்றபடி கல் இழுத்தவர்களில் பெரும்பாலோர் ஊர்களிலிருந்து முறை வைத்து அழைக்கப்பட்ட உழவர்கள். பணம் என்ற ஒன்று இல்லாத நாட்டில் உழைப்பும் ஒரு வரி. சோறு போடுவார்கள், நோய்க்கு மருந்து பார்ப்பார்கள், முறை முடிந்ததும் வீட்டுக்கு அனுப்புவார்கள். வர மாட்டேன் என்று மட்டும் சொல்ல முடியாது. பிற்காலத்தில், மூன்றாம் அமெனெம்ஹத் ஆட்சியில், அரசு வேலையிலிருந்து ஓடிப்போனவர்களின் பெயர்ப் பட்டியலே எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தக் கட்டாய உழைப்பின் மீது இருந்த பயம் சாவுக்குப் பிறகும் விடவில்லை. பிணத்தோடு வைக்கும் சிறு பொம்மைகளை அருங்காட்சியகங்களில் பார்த்திருப்பீர்கள். அவற்றின் மீதுள்ள மந்திரத்தின் சாரம் இதுதான்: மறுமையில் என்னை வயல் உழவோ, கரைக்கு நீர் பாய்ச்சவோ, மணல் சுமக்கவோ அழைத்தால், பொம்மையே, ‘இதோ இருக்கிறேன்’ என்று எனக்குப் பதில் நீ சொல். செல்வந்தர்கள்கூட அந்த அழைப்பிலிருந்து தப்பிக்க ஆள் வைத்துக்கொண்டார்கள். இதைவிடப் பெரிய சான்று கட்டாய உழைப்புக்கு வேண்டுமா?

விவிலியத்தில் வரும் இஸ்ரவேலர் கதையை இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். அங்கே சொல்லப்படுவது பித்தோம், ராமசேஸ் என்ற பண்டக நகரங்களுக்குச் செங்கல் அறுத்தது. பிரமிடு அந்தக் கதையில் எங்கும் இல்லை.

பிரமிடுத் தொழிலாளி தன் குறையைத் தானே சொன்ன எழுத்து நமக்குக் கிடைக்கவில்லை. அதைக் கேட்க ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் தள்ளி, தெற்கு எகிப்தில் லக்சோருக்கு எதிர்க்கரையில் உள்ள தெய்ர் எல் மெதினாவுக்குப் போக வேண்டும். மன்னர் பள்ளத்தாக்கில் மன்னர்களுக்குக் கல்லறை குடைந்து ஓவியம் தீட்டியவர்களின் ஊர் அது. மதிலுக்குள் 70 வீடுகள் போல இருக்கும். ஊரில் கிணறு இல்லை. தண்ணீர் சுமக்கவும் மீன் பிடித்துத் தரவும் துணி வெளுக்கவும் அரசே ஆள் நியமித்திருந்தது. சம்பளம் தானியமாக வரும்: சாதாரணத் தொழிலாளிக்கு மாதம் நான்கு மூட்டைக் கோதுமை, ஒன்றரை மூட்டை பார்லி, மூட்டை ஒன்றுக்கு ஏறத்தாழ 76 லிட்டர். உழவர்களைவிட வசதியானவர்கள்தான்; எழுதப் படிக்கத் தெரிந்தவர்களும் நிறைய. பானை ஓட்டிலும் சுண்ணாம்புக்கல் சில்லிலும் எல்லாவற்றையும் எழுதிப் போட்டார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இரண்டாம் ராம்சேஸின் 40-ஆம் ஆண்டு வருகைப் பதிவு ஒன்று இருக்கிறது. யார், எந்த நாள், ஏன் வரவில்லை என்பதெல்லாம் அதில் உண்டு. ஒருவரைத் தேள் கொட்டிவிட்டது. ஒருவருக்குக் கண் நோய். ஒருவர் பீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். இன்னொருவர் இறந்துபோன தன் தாயின் உடலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார். இவையெல்லாம் பதிவேட்டில் எழுதத் தகுந்த, ஒப்புக்கொள்ளப்பட்ட காரணங்கள்.

கி.மு. 1157 வாக்கில், மூன்றாம் ராம்சேஸின் 29-ஆம் ஆண்டில், இவர்களுக்குத் தானியம் வரவில்லை. மாதத்தில் 18 நாள் கடந்துவிட்டது, பசிக்கிறது என்று சொல்லிக்கொண்டு காவல் சாவடிகளைத் தாண்டிப் போய், மூன்றாம் துட்மோஸ் கோயிலின் பின்புறம் உட்கார்ந்துவிட்டார்கள். உலகில் எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் இதுதான் என்கிறார்கள். பசியும் தாகமும்தான் எங்களை இங்கே கொண்டு வந்தன, துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, பாரோவுக்கும் (மன்னனுக்கும்) தலைமை அமைச்சருக்கும் எழுதுங்கள் என்றார்கள். எழுத்தர் அமென்நக்த் எழுதியதாகக் கருதப்படும் அந்தச் சுருள் இன்று இத்தாலியின் தூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாக்கி கிடைத்தது, திரும்ப நின்றது, திரும்ப உட்கார்ந்தார்கள். தலைமை அமைச்சர் தோ, களஞ்சியத்திலேயே ஒன்றும் இல்லை, கிடைத்ததைத் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். பாரோவைக் கடவுளாக வணங்கிய மக்கள், அந்தக் கடவுளின் கல்லறை வேலையை நிறுத்திவிட்டுக் கோயிலில் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் இந்த வரலாற்றில் மிகவும் மதிக்கும் நாள் அது.

ஒன்பதாம் ராம்சேஸ் காலத்துக் கல்லறைக் கொள்ளை வழக்குகளில் இதே ஊர்த் தொழிலாளர் சிலரும் பிடிபட்டார்கள். கல்லறையைக் குடைந்தவனுக்குத்தானே உள்ளே என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று தெரியும். பதினொன்றாம் ராம்சேஸ் காலத்தில் ஊரே காலியாகி, மக்கள் பாதுகாப்புத் தேடி மெதினெத் ஹாபு கோயில் மதிலுக்குள் குடியேறினார்கள்.

லக்சோர் போகிறவர்கள் பெரும்பாலும் மன்னர் பள்ளத்தாக்கோடு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் போனால் தெய்ர் எல் மெதினாவுக்கும் நேரம் ஒதுக்குங்கள். வீடுகளின் அடிச்சுவர்கள் தெருவோடு அப்படியே நிற்கின்றன. மேட்டில் சென்னெஜெம் என்ற தொழிலாளியின் கல்லறை இருக்கிறது. மன்னர்களுக்கு வரைந்த அதே ஊர்க் கைகள் அவருக்காக வரைந்தவை அதன் சுவர்களில் உள்ளன: மஞ்சள் பின்னணியில் அவரும் மனைவியும் கோதுமை அறுப்பது, ஆளிச் செடி பறிப்பது, மாடு பூட்டி உழுவது.