மைக் பட்டனை அழுத்தினால் ஆயில் டெம்பரேச்சர் குதிப்பது ஏன்?

அமெரிக்காவில் ஆர்வி-7 என்ற சிறு விமானத்தைத் தன் கையாலேயே கட்டிப் பறக்கும் வாசகர் கேட்டிருக்கிறார்: "ரேடியோவில் பேச பட்டனை அழுத்தினால் எஞ்சின் அளவுகளைக் காட்டும் திரையில் ஆயில் டெம்பரேச்சரும் எரிபொருள் அளவும் குதிக்கின்றன. விட்டதும் பழைய இடத்துக்கு வந்துவிடுகின்றன. ஒருமுறை லேண்டிங் லைட்டும் எரிந்துகொண்டிருக்கும்போது பேசினேன், திரையே அணைந்து மறுபடி வந்தது. ஆல்டர்னேட்டர் ரெகுலேட்டரை மாற்றிப் பார்த்தாயிற்று. கிரவுண்டை (மின்னோட்டம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதையை) மல்டிமீட்டரில் பார்த்தால் 0.2 ஓம்தான் காட்டுகிறது. அடுத்து திரையைக் கழற்றி கம்பெனிக்கு அனுப்பட்டுமா?"

அனுப்பாதீர்கள், இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொன்ன அறிகுறிகளிலேயே பாதி விடை இருக்கிறது. ஆயில் டெம்பரேச்சர் சென்சார் எஞ்சினில் இருக்கிறது, அதன் கிரவுண்ட் எஞ்சின் உடம்பு வழியாகப் போகிறது. எரிபொருள் மிதவை சென்சார் இறக்கை டேங்கில் இருக்கிறது, அதன் கிரவுண்ட் டேங்க் தகடு வழியாக. இரண்டும் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் இருக்கின்றன, ஆனால் ஒரே நேரத்தில் குதிக்கின்றன என்றால் இரண்டுக்கும் பொதுவான இடத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அது இரண்டையும் அளக்கும் பெட்டியின் கிரவுண்ட் பின்தான்.

இன்னொரு சாத்தியமும் உண்டு, ரேடியோ அலையே சென்சார் வயர்களில் ஏறுவது. 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இந்த அலைவரிசையில் ஆன்டெனா சரியாக அமையவில்லை என்றால் அதற்குப் போகும் கோஆக்ஸ் கேபிளின் வெளிக்கூடு வழியாக அலை திரும்பி வந்து பேனலுக்குள் அலையும். ரெண்டில் எது என்று காசு செலவில்லாமல் பிரித்துவிடலாம்: பேசவே வேண்டாம், லேண்டிங் லைட்டை மட்டும் போட்டு அணைத்துப் பாருங்கள். முள் நகர்ந்தால் ரேடியோ அலைக்கு அதில் வேலையே இல்லை, கிரவுண்டுதான். நகரவில்லை என்றால் ரேடியோவின் ஆன்டெனா கேபிளைக் கழற்றி அந்த இடத்தில் 50 ஓம் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாக ரேடியோவின் சக்தியை வாங்கிக்கொள்ளும் தடை) மாட்டி பட்டனை அழுத்துங்கள் (எதுவும் மாட்டாமல் அழுத்தக் கூடாது, டிரான்ஸ்மிட்டருக்கு ஆகாது). டம்மி லோடில் கோளாறு மறைந்தால் ஆன்டெனா பக்கம் போங்கள், மறையவில்லை என்றால் மின்சாரப் பக்கம்.

இப்போது அந்த 0.2 ஓம். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், ஏறக்குறைய அதே எண்தான் வரும், ஏனென்றால் அது மீட்டர் வயரின் தடை, உங்கள் விமானத்துடையது இல்லை. சாதாரண மல்டிமீட்டர் ஓம் அளக்கும்போது அனுப்பும் மின்னோட்டமும் மிகமிகச் சிறியது, பெயிண்டுக்கு நடுவே ஒரு ஓரத்தில் தொட்டுக்கொண்டிருக்கும் இணைப்புகூட அதற்கு நல்ல இணைப்பாகத்தான் தெரியும். 100 வாட் லேண்டிங் லைட் பல்பு 14 வோல்ட்டில் 7 ஆம்பியர் இழுக்கும்போதுதான் அந்த இணைப்பின் உண்மையான நிலை வெளியே வரும். வெறும் 0.05 ஓம் போதும், 0.35 வோல்ட் அங்கேயே போய்விடும். சென்சாரிலிருந்து வரும் சின்ன வோல்டேஜை அளக்கும் பெட்டிக்கு அது பெரிய பிழை.

அதனால் ஓமை விட்டுவிட்டு வோல்ட்டில் வையுங்கள். எஞ்சின் அணைந்திருக்கட்டும், பேட்டரியோடு ஒரு சார்ஜரை மாட்டிக்கொள்ளுங்கள், லைட், ரேடியோ, திரை எல்லாம் ஓடட்டும். மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் கம்பத்தின் மேலேயே இருக்க வேண்டும், அதில் மாட்டிய லக்கின் (வயர் முனையில் உள்ள உலோக வளையம்) மேல் அல்ல. இன்னொரு முனையை நீளமான வயரால் நீட்டி திரையின் கனெக்டரில் உள்ள கிரவுண்ட் பின் வரை கொண்டுபோங்கள் (மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு, அதனால் இந்த வயர் நீளத்தால் அளவு கெடாது). 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 0.3, 0.4 என்று வந்தால் முனையை ஒவ்வொரு இணைப்பாகப் பின்னால் நகர்த்துங்கள்: பின், வயர், கிரவுண்ட் பிளாக் (கிரவுண்ட் வயர்கள் ஒன்றுசேரும் இடம்), ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்புத் தகடு) போல்ட், பேட்டரி லக். எந்த இடத்தைத் தாண்டும்போது எண் சட்டென்று விழுகிறதோ அங்கேதான் கோளாறு. பாசிட்டிவ் பக்கமும் இதே மாதிரிதான், பேட்டரியிலிருந்து கான்டாக்டர் (பெரிய மின் சுவிட்ச்), பஸ் (மின்சாரத்தைப் பிரித்துக்கொடுக்கும் பட்டை), பிரேக்கர், பின் என்று வாருங்கள், மொத்தம் அரை வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது.

திரை அணைந்ததுதான் எனக்கு அதிகம் கவலை தருகிறது. இந்தத் திரைகளில் பல சுமார் 10 வோல்ட் வரை இறங்கினாலும் ஓடும், அரை வோல்ட் குறைந்ததற்கெல்லாம் அணையாது. அப்படியானால் எங்கோ ஒரு இணைப்பு கணநேரம் முழுதாகவே விட்டுப்போகிறது. மீட்டரில் மின்/மேக்ஸ் (மிகக் குறைந்த, மிக அதிக அளவைப் பிடித்துவைக்கும்) வசதி இருந்தால் போட்டுவிட்டு, கனெக்டருக்குப் பின்னால் உள்ள வயர்களை ஒவ்வொன்றாக மெதுவாக இழுத்துப் பாருங்கள். நான் பந்தயம் கட்டுவதானால் டி-சப் கனெக்டரில் (திரையின் பின்னால் உள்ள பல பின் இணைப்பு) சரியாகக் கிரிம்ப் ஆகாத, அதாவது வயரோடு நன்றாக நசுக்கிப் பிடிக்காத பின் அல்லது முழுதாக உள்ளே போய் பூட்டிக்கொள்ளாத பின் மேல்தான் கட்டுவேன். பேனல் சட்டத்தில் பிரைமர் மேலேயே முடுக்கிய கிரவுண்ட் லக் இரண்டாவது.

சரி, எஞ்சின் அணைந்திருக்கும்போது எல்லாம் நன்றாக இருந்து, ஓடும்போது மட்டும் ஆயில் அளவு குதித்தால்? அப்போது எஞ்சினையும் ஃபயர்வாலையும் இணைக்கும் கிரவுண்ட் பட்டையைப் பாருங்கள். எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, ஆல்டர்னேட்டர் மின்னோட்டம் முழுதும் அந்தப் பட்டை வழியாகத்தான் திரும்ப வேண்டும். லைட் போட்டால் ஆல்டர்னேட்டர் கூடுதலாகக் கொடுக்கும், பட்டையில் விழும் வோல்ட்டும் கூடும். இதை அலட்சியம் செய்யாதீர்கள்: பட்டை அறுந்தால் ஸ்டார்ட்டரின் நூறு ஆம்பியருக்கு மேலான மின்னோட்டம் திராட்டில் கேபிள் (எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது) வழியாகத் திரும்பி அதைச் சுட்டு இறுகவைத்துவிடலாம். ஓடும் எஞ்சினில் அளக்க வேண்டுமென்றால் மீட்டர் வயர்களை முன்பே கட்டி கேபினுக்குள் கொண்டுவந்துவிடுங்கள், புரொப்பெல்லர் பக்கம் யாரும் கை நீட்ட வேண்டாம். எஞ்சின் அணைந்திருந்தாலும் மேக்னெட்டோவின் (எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுப்பது) பி-லீட், அதாவது அதை அணைக்கும் வயர், விட்டுப்போயிருந்தால் சாவி ஆஃபில் இருக்கும்போதே புரொப்பெல்லரைக் கையால் திருப்பினாலே எஞ்சின் பற்றிக்கொள்ளலாம்.

சரிசெய்யும்போது முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். பெயிண்ட், பிரைமரை பளபளப்பான உலோகம் தெரியும்வரை சுரண்டி, பல் வாஷர் போட்டு முடுக்குங்கள். திரைக்கும் சென்சார் பெட்டிக்கும் கிரவுண்ட் வயர் தனியாக ஃபயர்வால் கிரவுண்ட் பிளாக்குக்கே போகட்டும், லைட்டோடு பங்குபோட வேண்டாம். ஆன்டெனா பக்கம் என்று தெரிந்தால் அதன் அடித்தளம் தகட்டில் வெறும் உலோகமாகத் தொடுகிறதா, கேபிளின் பிஎன்சி முனையில் (ஆன்டெனாவில் மாட்டும் கனெக்டர்) வெளிக்கூடு நன்றாகக் கிரிம்ப் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவிலிருந்து அலை எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு) 2-க்குள் வர வேண்டும். கேபிளில் ஃபெரைட் (காந்தப்பொருள்) வளையம் மாட்டி அலையை அடக்குவதை அதற்கு முன் செய்யாதீர்கள்.

இவ்வளவும் பார்த்து, திரையின் பின்களிலேயே 13 வோல்ட்டுக்கு மேல் ஆடாமல் நிற்கிறது, கிரவுண்டும் 0.1-க்குள் இருக்கிறது, ஆனாலும் திரை அணைகிறது என்றால் அப்போது கழற்றி அனுப்புங்கள், அளந்த எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள்.